ஹோட்டல் தந்த சம்பளச் செயலி: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், செயலியின் பெயரை எழுதமாட்டேன். திருகோணமலையில் இதைப் பாவிக்கிற ஹோட்டல்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். பெயரைப் போட்டால் நான் உப்புவெளியில் எந்தக் கேற்றால் உள்ளே போகிறவன் என்று கண்டுபிடிக்க ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போதும். கொழும்புக் கம்பனி ஒன்று செய்து, ஹோட்டல், கார்மென்ட், சுப்பர் மார்க்கெட் என்று கேட்கிற இடமெல்லாம் கொடுக்கிற சம்பளச் செயலி இது. இப்படிப்பட்டவை இப்போது பல ஓடுகின்றன, உள்ளே போனால் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான். உங்கள் வேலைத்தலத்திலும் "அடுத்த மாதம் முதல் பே ஷீட் போனில் வரும்" என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தால் இதை ஒரு தடவை வாசித்துவிட்டு இறக்குங்கள்.

இரண்டு நட்சத்திரத்தில் ஒன்று வேகத்துக்கு. நிலாவெளிப் பக்கம் சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் திறக்கிறது, சுற்றிக்கொண்டே நிற்பதில்லை. மற்றது பழைய சீட்டுகளைச் சேர்த்து வைப்பதற்கு. முன்பு லீசிங் கம்பனிக்காரன் கடைசி மூன்று மாதப் பே ஷீட் கேட்டால் அக்கவுண்ட்ஸ் கதவில் போய் நிற்க வேண்டும், அங்கே இருக்கிறவர் "நாளைக்கு வாரும் தம்பி" என்பார், அந்த நாளை எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. இப்போது பஸ்ஸில் இருந்தபடியே பி.டி.எப். ஆக எடுத்து அனுப்பலாம். லீவு போடவும் ரோஸ்டர் பார்க்கவும் இதிலேயே இடம் இருக்கிறது, இரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன. தமிழும் உண்டு. பாதிப் பக்கம் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிகிறது, பொத்தான்களில் எழுத்து வெட்டுப்பட்டுக் கிடக்கிறது, ஆனாலும் கிச்சனில் நிற்கிற அண்ணைமார் யாரிடமும் கேட்காமல் தங்கள் சீட்டைத் தாங்களே பார்க்கிறார்கள், அது பெரிய காரியம்தான்.

இனி மூன்று நட்சத்திரம் எங்கே போனது என்று பார்ப்போம்.

பாஸ்வேர்டில் தொடங்குகிறேன். செயலி உங்களிடம் கேட்பது அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும். இரண்டு பூட்டுப் போட்டிருக்கிறோம் என்று எச்.ஆர். மிஸ் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார். நம் நாட்டு அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த வருடமும், அந்த வருடத்தில் அது எத்தனையாவது நாள் என்பதும் இருக்கிறது. பெண்களென்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். பழைய ஒன்பது இலக்க அட்டையும் அப்படித்தான், புதிய பன்னிரண்டு இலக்கமும் அப்படித்தான். ஆக முதலாவது பூட்டின் திறப்புக்குள்ளே இரண்டாவதின் திறப்பு. சரி, அந்த முதல் இலக்கமாவது ரகசியமா என்றால், கேற்றில் செக்கியூரிட்டி வைத்திருக்கிற கொப்பியில் எல்லாருடையதும் வரிசையாக எழுதியிருக்கிறது. ஆர்வமுள்ள எவனும் ஹோட்டலில் பாதிப்பேரின் சம்பளத்தைப் பார்த்துவிடலாம். ஊழியரின் அந்தரங்கத்தைக் காக்கத்தான் செயலி என்று சொன்னவர்கள் இதைக் கவனிக்கவில்லை என்று நம்பக் கஷ்டமாக இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்ற வழி இருக்கிறது, ஆனால் அது அமைப்புகளுக்குள்ளே மூன்றாவது பக்கத்தில் ஒளிந்திருக்கிறது, யாரும் காட்டித் தருவதில்லை. இறக்கியவுடன் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

தொடர்பு எண்களையும் இருக்கும் இடத்தையும் பார்க்க அனுமதி கேட்கும். மறுத்துவிடுங்கள், மறுத்தாலும் செயலி ஓடுகிறது. சம்பளம் பார்க்க என் மாமியின் நம்பர் எதற்கு?

அதற்குப் பிறகு வருகிற பக்கத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். முதல் தடவை உள்ளே போகும்போது ஒரு ஒப்பந்தம் வருகிறது. என் அடிப்படைச் சம்பளம், கொடுப்பனவு, சேர்விஸ் சார்ஜ் எதையும் வேறு ஊழியருக்குச் சொல்லமாட்டேன், காட்டமாட்டேன், கேட்கவும் மாட்டேன், மீறினால் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உடன்படுகிறேன் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. கீழே ஒரு சதுரம், அதில் சரி போட்டால்தான் அடுத்த பக்கம். மறுக்கிறேன் என்று ஒரு பொத்தான் கிடையாது. அதாவது நான் ஏற்கனவே உழைத்து முடித்த மாதத்தின் சம்பளக் கணக்கை நானே பார்ப்பதற்கு, பக்கத்தில் நிற்கிறவனிடம் வாய் திறக்கமாட்டேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். எங்கள் நியமனக் கடிதங்களில் இந்த வரி கிடையாது. பழைய ஆட்கள் சிலர் வீட்டில் இருந்து கடிதத்தை எடுத்து வந்தே பார்த்தார்கள். செயலியின் வழியாக, ஒரு விரல் தட்டலில், எங்களுக்குத் தெரியாமல் வேலை நிபந்தனை ஒன்று கூடிவிட்டது.

ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் கறுப்பாகத்தான் வரும், அதையும் அடைத்து வைத்திருக்கிறார்கள். வங்கிச் செயலிகளில் இப்படி இருப்பதைப் பார்த்திருக்கிறேன், அங்கே நியாயம் இருக்கிறது. இங்கே இன்னொரு போனால் படம் எடுக்கிறார்கள், முடிந்தது கதை. பி.டி.எப். எடுக்க விட்டுவிட்டு ஸ்கிரீன்ஷொட்டை அடைத்த புத்திசாலி யார் என்றும் தெரியவில்லை.

இதற்கு முன்னால் இருந்த முறையைச் சொன்னால்தான் எது போனது என்று விளங்கும். அப்போது அக்கவுண்ட்ஸ் மேசையில் ஒரு நீளப் பட்டியல் இருக்கும், உங்கள் பெயருக்கு நேரே கையெழுத்து வைத்துவிட்டுச் சீட்டை வாங்க வேண்டும். மேல் வரியும் கீழ் வரியும் கண்ணில் படாமல் கையெழுத்து வைக்கிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. அக்கவுண்டன்ட் மட்டத்தடியால் மறைத்துப் பிடிப்பார், அந்த மட்டத்தடி ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக். அப்படித்தான் யாருக்கு எவ்வளவு என்பது ஓரளவுக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அதை உரிமை என்று நினைக்கவில்லை, தெரிந்திருந்தது, அவ்வளவுதான். செயலி வந்ததும் அது அடியோடு போய்விட்டது.

இப்போது சீட்டில் என்ன காட்டுகிறது? அடிப்படைச் சம்பளம், வரவுக் கொடுப்பனவு, ஓ.ரி. (மேலதிக நேரக் காசு), சேர்விஸ் சார்ஜ். கழிவில் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) 8 சதவீதம், முற்பணம், நலன்புரிச் சங்கம், முத்திரை. எல்லாம் அழகான வண்ணத்தில், ஒரு வட்டப்படத்தோடு. ஹோட்டல்காரருக்கு இதில் முக்கியமான வரி சேர்விஸ் சார்ஜ்தான், வெளியில் இருப்பவர்களுக்கு அது விளங்காது, கொஞ்சம் சொல்கிறேன். விருந்தினரின் பில்லில் போடுகிற 10 சதவீதத்தை மாத முடிவில் ஊழியருக்குப் பிரிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் பதவியைப் பொறுத்து இத்தனை புள்ளி என்று இருக்கும். மொத்தத் தொகையை மொத்தப் புள்ளியால் பிரித்தால் ஒரு புள்ளியின் பெறுமதி, அதை உங்கள் புள்ளியால் பெருக்கினால் உங்கள் பங்கு. ஆக உங்கள் புள்ளி, ஒரு புள்ளியின் பெறுமதி என்ற இரண்டு எண் தெரிந்தால் உங்கள் பங்கு சரியா என்று நாலாம் வகுப்புப் பிள்ளையும் பார்த்துச் சொல்லும். செயலி இந்த இரண்டு எண்ணையும் காட்டுவதில்லை. விடையை மட்டும் காட்டுகிறது.

நம்முடைய கரையில் இது இன்னும் உறைக்கும். மே மாதம் கடல் அடங்கித் தொடங்கினால் செப்டெம்பர் வரைக்கும் சீசன். ஓகஸ்டில் புறாத்தீவுக்குப் படகு பிடிக்கக் கூட்டம் நிற்கும், அறைகள் நிரம்பி வழியும், சேர்விஸ் சார்ஜ் அடிப்படைச் சம்பளத்தை நெருங்கும். நவம்பரில் மாரி பிடித்தால் நீச்சல் தடாகத்தில் தவளை மட்டும்தான். அப்போது கையில் வருவது அடிப்படைச் சம்பளம், அதுதான் அரிசிக்கும் பிள்ளையின் டியூஷனுக்கும். சம்பள உயர்வு கேட்டால் சீசனில் "சேர்விஸ் சார்ஜ் பாரும்" என்பார்கள், மாரியில் "ஹோட்டல் காலியாகக் கிடக்குது, தெரியுதுதானே" என்பார்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு நல்ல நாள் வரவே வராது.

செயலி வந்து சில மாதத்தில் ஸ்டாஃப் கன்டீனில் பேச்சு தொடங்கியது. ஒரே புள்ளி என்று நம்பிக்கொண்டிருந்த இரண்டு ஸ்டூவர்ட்மாருக்கு ஒரே மாதத்தில் வெவ்வேறு தொகை. எட்டுப் புள்ளிக்கு ஒருவருக்கு 22,400 ரூபா, மற்றவருக்கு 20,800. பிரித்துப் பார்த்தால் ஒருவருக்குப் புள்ளி 2,800, இன்னொருவருக்கு 2,600. பிறகென்ன, எத்தனை கதை! மனேஜரின் ஊர்க்காரன் என்றார்கள், மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் நானா ஒருவர் தங்கள் ஆட்களுக்குத்தான் வெட்டுவதாகச் சொன்னார், சிங்களத் தம்பிமார் தங்களுக்குத்தான் வெட்டுவதாகச் சொன்னார்கள், தமிழ் ஆட்கள் என்ன சொன்னோம் என்று சொல்லத் தேவையில்லை. கடைசியில் விசாரித்தால் குறைந்தவருக்கு உடைவுக்காகக் கழித்திருக்கிறார்கள், ஒரு தட்டம் கிளாஸ் விழுந்த கதை, அவருக்கும் அது ஞாபகம் இருந்தது. நியாயமான கழிவுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். சீட்டில் "உடைவு" என்று ஒரு வரி போட்டிருந்தால் மூன்று இனமும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரிந்த அந்தக் கிழமை நடந்தே இருக்காது. மறைக்க ஒன்றும் இல்லாத இடத்திலும் மறைத்ததால் வந்த வினை.

ஆனால் அந்தக் கிழமை இன்னொன்றும் வெளியில் வந்தது, அது அவ்வளவு லேசில் முடியவில்லை. ஒரு தடவை போன்கள் மேசைக்கு வந்த பிறகு சேர்விஸ் சார்ஜோடு நிற்குமா? அடிப்படைச் சம்பளத்தையும் பார்த்தார்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் நிற்கிற ஒரு அண்ணையைவிட, அவரே கை பிடித்து வேலை பழக்கிய பொடியனுக்கு 6,000 ரூபா கூட. இருவருக்கும் ஒரே பதவி, ஒரே ரோஸ்டர்.

இது எப்படி வருகிறது என்று யோசித்தால் சதி எதுவும் தேவையில்லை. 2022இல் நாடு விழுந்தபோது ஹோட்டல் தொழில் தெரிந்தவர்கள் கட்டாருக்கும் டுபாய்க்கும் மாலைதீவுக்கும் போய்விட்டார்கள். பிறகு வெள்ளைக்காரர் திரும்பி வரத் தொடங்க, ஆள் இல்லை. புதிதாக எடுப்பவர்களுக்குச் சந்தை விலை கொடுக்க வேண்டி வந்தது. ஏற்கனவே இருந்தவர்களுக்கு வழக்கமான வருட உயர்வு மட்டும், ஏனென்றால் அவர்கள் போகவில்லை, கேட்கவும் இல்லை. விசுவாசமாக இருந்ததற்குத் தண்டனை மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் இருப்பவனின் சம்பளம் தெரியாத வரைக்கும் இந்த ஏற்பாடு எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடும். சம்பளத்தை ரகசியமாக வைக்கச் சொல்வதன் லாபம் இங்கேதான் இருக்கிறது, அந்த லாபம் யாருடைய பக்கம் போகிறது என்று நான் எழுத வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சம்பளத்தை மறைப்பது முதலாளிமாரின் பழக்கம் மட்டும் இல்லை, நாங்களும் மறைக்கிறவர்கள்தான். ஹோட்டலில் நல்ல சீசன் என்று ஊருக்குள் தெரிந்தால் கைமாற்றுக் கேட்டு வருகிறவர்களை எண்ணி முடியாது, சீட்டுப் பிடிக்கிற அக்கா இரண்டாவது சீட்டையும் எங்கள் தலையில் கட்டுவார், கோயில் திருவிழாக் கொப்பியில் எங்கள் பெயருக்கு நேரே ஒரு பூச்சியம் கூடும். கண்ணூறு வேறு. அதனால் சித்தப்பா கேட்டாலும் "ஏதோ வருது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறோம். அந்த மறைப்பு என்னுடையது, யாருக்குச் சொல்வது யாருக்குச் சொல்லாமல் விடுவது என்று நான் தீர்மானிக்கிறேன். ஒரே அடுப்பில் பக்கத்தில் நிற்கிறவனுக்குச் சொல்லாதே என்று ஒரு செயலி எனக்குச் சொல்வது வேறு வகை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி "உங்கள் அந்தரங்கத்துக்காகத்தான்" என்று எச்.ஆர். சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது.

அதே ஊரில் அரசாங்க உத்தியோகத்தரைப் பாருங்கள். கிழக்கு மாகாண சபையின் தலைமையகமே இங்கேதான், உவர்மலையில் இருந்து உட்துறைமுக வீதி வரைக்கும் கந்தோர்கள். ஆசிரியர் எந்தத் தரம், கிராம உத்தியோகத்தர் எந்தப் படிநிலை, வருடம் எவ்வளவு கூடும் என்று சுற்றறிக்கையிலேயே அச்சடித்திருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இல் இருந்து 40,000 ஆக்குவதாக அறிவித்தபோது நாடே அதைப் பேசியது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்கத் தேவையில்லை, தரத்தைச் சொன்னால் தரகரே தொகையைச் சொல்லிவிடுவார். இதனால் எந்தக் கந்தோரும் இடிந்து விழவில்லை. ஒருவரை ஒருவர் பிடிக்காமல் இருக்க அவர்களுக்கு வேறு ஆயிரம் காரணம் இருக்கிறது, சம்பளம் அதில் ஒன்று இல்லை.

வெளிநாட்டு வேலைக்கும் அப்படித்தான். கிண்ணியாவில் ஏஜென்சிக்காரன் ஒட்டுகிற நோட்டீஸில் கொட்டை எழுத்தில் இருப்பது சம்பளம்தான், எத்தனை ரியால், சாப்பாடு உண்டா, இருப்பிடம் உண்டா. உள்ளூர் ஹோட்டல் விளம்பரத்தில் மட்டும் "கவர்ச்சிகரமான சம்பளம்". நேரில் போனால் "இப்ப எவ்வளவு எடுக்கிறீர்?" என்று முதலில் அவர்கள் கேட்பார்கள். நாங்கள் யாரிடமும் சொல்லக்கூடாத தொகையை அவர்களிடம் மட்டும் சொல்ல வேண்டும்.

இந்தச் சதுரத்தில் சரி போட்ட எரிச்சலில் கொஞ்சம் வாசித்தேன். அமெரிக்காவில் தனியார் ஊழியர் தங்களுக்குள் சம்பளம் பேசுவதை 1935ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டமே காப்பாற்றுகிறதாம், அப்படியிருந்தும் அங்கே கம்பனிகள் தடை போட்டுக்கொண்டுதான் இருந்தன. லில்லி லெட்பெட்டர் என்ற அம்மா அலபாமாவில் குட்இயர் டயர்த் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். மாதம் 3,727 டொலர் எடுத்தார். அதே வேலையில் இருந்த ஆண்களில் ஆகக் குறைந்தவர் எடுத்தது 4,286. ஓய்வு பெறப் போகிற காலத்தில், பெயர் போடாத ஒரு துண்டுக் கடதாசியில் யாரோ எழுதி வைத்ததால்தான் அவருக்கே தெரிய வந்தது. வழக்குப் போட்டார், 2007இல் உயர் நீதிமன்றம், ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், முறைப்பாட்டைப் பிந்திக் கொண்டுவந்தீர் என்று தள்ளிவிட்டது. தெரியாததற்கு எப்படி நேரத்தோடு முறையிடுவது? 2009இல் அவருடைய பெயரிலேயே சட்டம் திருத்தினார்கள். எங்கள் அண்ணையின் கதையை வாசித்த மாதிரியே இருந்தது, அவருக்குத் துண்டுக் கடதாசி, இவருக்குக் கன்டீன் மேசை.

இங்கிலாந்தில் 2010இன் சமத்துவச் சட்டம் வந்த பிறகு, பாகுபாடு இருக்கிறதா என்று அறிவதற்காகச் சக ஊழியரோடு சம்பளம் பேசினால் ஒப்பந்தத்தில் உள்ள ரகசிய வரி செல்லாது. அவுஸ்திரேலியாவில் 2022 டிசம்பரில் இருந்து அந்த மாதிரி வரி போடுவதே தடை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு பணிப்புரை கொண்டுவந்தது, உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்குவதற்குக் கொடுத்த தவணை 2026 ஜூன் 7. ஆள் எடுக்கிற இடத்தில் முன்பு எவ்வளவு எடுத்தீர் என்று கேட்கக்கூடாது என்றுகூட அதில் இருக்கிறது. நோர்வே எல்லாவற்றையும் தாண்டிவிட்டது, நமக்குச் சமாதானம் பேச வந்த அதே நோர்வேதான், அங்கே யாருடைய வருமானத்தையும் வரிப் பதிவில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஒரு காலத்தில் பக்கத்து வீட்டுக்காரனைத் தேடுவதே பொழுதுபோக்காகி, 2014இல் இருந்து யார் தேடினார் என்று தேடப்பட்டவருக்குத் தெரிகிற மாதிரி மாற்றினார்கள், உடனே தேடல் குறைந்துபோனது. மனித புத்தி எங்கும் ஒன்றுதான்.

தெரிந்துகொண்டால் எல்லாருக்கும் சந்தோஷம் என்றும் நான் சொல்லவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. சக ஊழியரின் சம்பளத்தைப் பார்க்க வழி காட்டியதும், குறைவாக எடுத்தவர்களுக்கு மனம் கசந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் வந்தது, கூட எடுத்தவர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி எதுவும் வரவில்லை. எங்கள் அண்ணையும் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. அந்தப் பொடியனும் பாவம், தன் பிழை இல்லாமலே குனிந்த தலையோடு திரிந்தான். ஆனால் அந்தக் கசப்பு செயலியைத் திறந்ததால் வந்ததா, 6,000 ரூபாவால் வந்ததா?

நம் நாட்டில் இதற்கென்று தனியாக ஒரு சட்டம் இல்லை. ஆனால் சம்பளத்துக்கு ஒரு தரை இருக்கிறது. தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2016ஆம் ஆண்டின் சட்டத்தில் 10,000 ரூபாவாகத் தொடங்கி, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. சம பெறுமதியுள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற சர்வதேசத் தொழில் அமைப்பின் 100ஆம் இலக்கச் சமவாயத்தையும் இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்புறம் தொழிற்சங்கம். ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம். பக்கத்தில் இருக்கிறவனின் சம்பளத்தைக் கேட்கமாட்டேன் என்று சரி போட்ட ஏழு பேர் சேர்ந்து எதைக் கேட்பது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

செயலியை நம்பாமல் கணக்குப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, யாருக்கும் எதையும் காட்டத் தேவையில்லை. ஈ.பி.எப். கூற்றை எடுங்கள். ஊழியர் 8, முதலாளி 12, ஆக 20 சதவீதம் உங்கள் பெயரில் மத்திய வங்கிக்குப் போக வேண்டும், 1958ஆம் ஆண்டின் சட்டத்தில் வந்த நிதி இது. கூற்றில் ஒரு மாதத்துக்கு விழுந்த தொகையை ஐந்தால் பெருக்கினால், முதலாளி உங்கள் சம்பளம் என்று அரசாங்கத்துக்குச் சொன்ன தொகை வரும். 8,000 விழுந்திருந்தால் 40,000 என்று அர்த்தம். ஓ.ரி. இதில் சேராது, ஆனால் வாழ்க்கைச் செலவுப் படி மாதிரியானவை சேர வேண்டும். எங்கள் செயலியில் "கொடுப்பனவு" என்று இரண்டு வரி இருக்கிறது, அதில் ஒன்றுக்குத்தான் ஈ.பி.எப். பிடிபடுகிறது. வட்டப்படத்தில் இரண்டும் ஒரே நிறம், அதனால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 சதவீதம் முதலாளியின் கையால் போக வேண்டியது, அது உங்கள் கழிவில் வந்திருந்தால் உடனே கேளுங்கள். எங்களுக்கு அப்படி வரவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

கன்டீன் பேச்சு எச்.ஆர். காதுக்குப் போனதும் செயலி வழியாக எல்லாருக்கும் ஒரு நினைவூட்டல் வந்தது, ஒப்பந்தத்தின் இத்தனையாவது வரியை மறக்க வேண்டாம் என்று. அந்த நினைவூட்டல் வராமல் இருந்திருந்தால் பாதிப்பேருக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரிந்திருக்காது. அண்ணை தனியாகப் போகாமல் நாலைந்து பேராகப் போனார், செயலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, "எனக்கும் புதிசா வந்த ஆளுக்கும் என்ன வித்தியாசம் சேர்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதம் அவருக்கு 4,000 கூடியது. மிச்சம் 2,000 எங்கே என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒழுக்காற்று நடவடிக்கை எதுவும் யார் மேலும் வரவில்லை. இப்போது ஒரு புள்ளியின் பெறுமதியை மாதாமாதம் ஸ்டாஃப் நுழைவாயில் போர்டில் கடதாசியில் ஒட்டுகிறார்கள். இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய செயலியில் போட முடியாத எண்ணை நாலு குண்டூசியில் போட முடிகிறது.

செய்த கம்பனிக்கு இதை அவர்களின் கருத்துப் பெட்டியிலும் எழுதியிருக்கிறேன்: சேர்விஸ் சார்ஜ் வரிக்குக் கீழே புள்ளியும் பெறுமதியும் வேண்டும், உடைவுக்குத் தனி வரி வேண்டும், எந்தக் கொடுப்பனவுக்கு ஈ.பி.எப். பிடிபடுகிறது என்று பக்கத்தில் ஒரு அடையாளம் வேண்டும், அந்த ஒப்பந்தப் பக்கத்தில் மறுக்கிறேன் என்று ஒரு பொத்தான் வேண்டும். "உங்கள் நிறுவனத்தின் தெரிவுக்கு ஏற்ப இவை மாறும்" என்று பதில் வந்தது. அதாவது இந்த வரிகளைக் காட்டும் வசதி ஏற்கனவே செயலிக்குள் இருக்கிறது, எங்கள் ஹோட்டல் நிறுத்தி வைத்திருக்கிறது. அதனால் உங்கள் இடத்தில் இதே செயலி மூன்றரை நட்சத்திரத்துக்கு ஓடலாம், என்னுடையதை வைத்து முடிவு கட்டாதீர்கள், முதல் மாதச் சீட்டு வந்தவுடன் சேர்விஸ் சார்ஜ் வரியைத் தொட்டுப் பாருங்கள், விரிந்து உள்ளே புள்ளி தெரிந்தால் உங்கள் மனேஜர் பரவாயில்லை.

இன்னொன்று, பழைய போன்களில் அப்டேட் வந்த பிறகு தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது. அழித்துவிட்டுத் திரும்ப இறக்கினால் சரியாகும், ஆனால் அழிப்பதற்கு முன்னால் பழைய பி.டி.எப். எல்லாவற்றையும் எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். வேலையை விட்டுப் போன ஆட்களுக்கு அன்றைக்கே கணக்கு மூடுகிறது, பழைய சீட்டு ஒன்றும் பிறகு கிடைக்காது.